ஐயனாருக்கு ரோமில் ஓர் அண்ணன்

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில் நானும் என் மனைவி வீரம்மாளும் இத்தாலி போய் வந்தோம். குரும்பலூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கிற குழந்தைவேலுக்கு இத்தாலியில் என்ன ஜோலி என்று கேட்பவர்களுக்கு சிமெண்ட் கம்பெனிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக்கூட கான்கிரீட்டில் வீடு கட்டினார்கள். கம்பெனி வைத்த இலக்கைத் தாண்டி மூட்டை விற்ற டீலர்களை ஜோடியாக வெளிநாடு அனுப்பினார்கள். முந்தின வருடம் சிங்கப்பூர், அந்த வருடம் இத்தாலி. லப்பைக்குடிக்காட்டு டீலர் கவுஸும் அவர் மனைவி ஜரீனாவும் எங்களோடு வந்தார்கள். மற்ற ஜோடிகள் வேறு வேறு மாவட்டம். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள், தொலைந்து போனால் கண்டுபிடிக்க.

வீரம்மாள் வருகிறேன் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள், நந்தினி. பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை குருமூர்த்தி பள்ளிக்கூடத்து வாத்தியார். மூன்று தடவை தரித்து மூன்றும் தங்கவில்லை. நான்காவது தரித்து ஏழு மாதம் முடிந்திருந்தது. வளைகாப்பைக்கூடப் பயந்துகொண்டு ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தோம்.

“எட்டு மாசக்காரிய வுட்டுட்டு எவளாச்சும் ஊர் சுத்தப் போவாளா?” என்றாள்.

“ஏ புள்ள, இத்தாலி என்ன நெலாவுலயா இருக்கு? நம்ம அரியலூர் பஸ் மாதிரிதான். அரை மணிக்கு ஒரு ப்ளேன். புள்ளைக்கு ஒண்ணுன்னா ஏறி ஒக்காந்தா, விடியறப்ப தொறையூர் வழியா வூடு வந்துரலாம்.”

“ஒக்கார எடம் கெடைக்குமா?”

“முன்னாடி சீட்டே கெடைக்கும்.”

நந்தினியும் போய் வா என்று நச்சரித்ததால் கிளம்பினாள். கிளம்பும்போது பூசை மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து முந்தானை ஓரத்தில் கட்டிக்கொண்டாள். அதற்குள் ஒரு ரூபாய்க் காசு ஒன்றும் நாலணா ஒன்றும் இருந்தன. நந்தினிக்கு நாள் தள்ளியது தெரிந்த அன்றைக்கு எங்கள் குலதெய்வம் நல்லமுத்து ஐயனாருக்கு முடிந்து வைத்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அந்தக் காசை ஐயனார் காலடியில் சேர்த்து, முதல் மொட்டை அங்கே போட்டு, ஒரு மண்குதிரையும் செய்து வைப்பதாக வேண்டுதல். பூட்டிய வீட்டில் சாமி காசைத் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அவள் கட்சி. வழியில் இரண்டு ஏர்போர்ட்டில் அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் அவள் பார்த்த பார்வையில் அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இரண்டாம் நாள் ரோமில் ஒரு பெரிய நீரூற்றுக்குக் கூட்டிப்போனார்கள். நம் ஊர்க் குளத்தைக் கொண்டுவந்து ஓர் அரண்மனைச் சுவரில் சாய்த்து வைத்தாற்போல் இருந்தது. நடுவில் தாடி வைத்த ஓர் ஆள் சிப்பி மேல் நின்றார். காலடியில் இரண்டு குதிரைகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு முரட்டுப் பயல்கள். எல்லோரும் திரும்பி நின்று தோளுக்கு மேலாகக் காசு எறிந்துகொண்டிருந்தார்கள்.

“யாருங்க இந்தச் சாமி?” என்றாள் வீரம்மாள்.

குடையைத் தூக்கிக்கொண்டு போன கைடு என்னவோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று மனைவியிடம் சொல்லிப் பழக்கமில்லை.

“தெரியலையா? நம்ம நல்லமுத்து ஐயனாரோட அண்ணன். பங்காளிச் சண்டையில கோவிச்சுக்கிட்டு, பூம்புகார்ல கப்பலேறி இங்க வந்துட்டாரு. தாடி வழிக்காததே அந்தக் கோவத்துலதான்.”

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால், “ஆமா, நீங்கதான் கப்பல்ல ஏத்தி வுட்டீங்க” என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த ஆளையே அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக, “ஏங்க, ரெண்டு பக்கமும் பாருங்க” என்றாள்.

பார்த்தேன். அவருக்கு இரண்டு பக்கமும் மாடத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“பூரணையும் பொற்கலையும்,” என்றாள், ஐயனாருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற தேவிமாரை நினைத்து. “குதிரை இருக்கு. தண்ணி இருக்கு. நான் இத்தினி நாளு நீங்க சொல்றதெல்லாம் புளுகுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

கவுஸ் எனக்குப் பின்னால் நின்று இருமினார். அந்த இருமலுக்கு நான் அப்போதே மரியாதை கொடுத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெண்டாட்டி நான் சொன்னதை நம்பினாள். அந்த இனிப்பில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசு இரண்டையும் கண்ணில் ஒற்றி, மஞ்சள் துணியோடு தண்ணீரில் வீசிவிட்டாள்.

“அண்ணன்கிட்ட குடுத்தா தம்பிக்குச் சேராதா?” என்றாள். “அவரு பெரியவரு. நேரா அவருகிட்டயே சொல்லிட்டேன்.”

மறுநாள் சாயங்காலம் ஃபிளாரன்ஸ் என்ற ஊரில் இருந்தோம். கவுஸ் பன்னிரண்டு வருடம் சவூதியில் இருந்தவர். எந்த ஊரில் இறங்கினாலும் போன் கார்டு எந்தக் கடையில் விற்கிறது என்று மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர்தான் பூத்துக்குள் போய் நம்பர் போட்டுக் கொடுத்தார். எடுத்தது குருமூர்த்தி.

“மாமா, நந்தினிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். காலையில ரத்தம் பட்டுச்சு. இப்ப நின்னிருக்கு. படுக்கைய வுட்டு எறங்கவே கூடாதுன்னுட்டாங்க. இன்னும் ஒரு வாரம் பத்து நாளு புள்ள உள்ளயே இருந்துட்டா காப்பாத்திரலாம், இப்பவே வந்துருச்சுன்னா சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அத்தைகிட்ட சொல்லாதீங்க.”

அத்தை என் தோளில் தலையை வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்தேன். வீரம்மாள் அழவில்லை. மஞ்சள் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள். செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

“வாங்க, போவோம்.”

“எங்க புள்ள?”

“ப்ளேனுக்கு. அரை மணிக்கு ஒண்ணுன்னீங்கள்ல?”

நான் கைடைப் பார்த்தேன். கைடு கவுஸிடம் விளக்கினான். குரூப் டிக்கெட், ஒன்பதாம் நாளுக்கு முன்னால் ஒருத்தரும் திரும்ப முடியாது, தனியாக டிக்கெட் எடுக்கலாமென்றாலும் ஆறு நாளைக்கு எதிலும் இடமில்லை. கவுஸ் அதை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார். தன் வாயாலேயே என்னைக் கொல்வதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வீரம்மாள் என் பக்கம் திரும்பினாள். “அப்ப அது பொய்யி.”

நான் போன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அப்ப அந்தச் சாமி?”

நாற்பது வருடத்தில் அவள் கேட்டதற்கு நான் வாயைத் திறக்காமல் நின்றது அந்த ஒரு தடவைதான். அது போதுமானதாக இருந்தது. அவள் அந்தக் கல் பாவிய தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் படம் வரைந்து விற்கிற ஒருத்தன் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் அதில் உட்காரவில்லை.

“முடிஞ்ச காச யாருக்கோ தூக்கிப் போட்டுட்டேனே. அவரு காசுங்க அது. நாளைக்கு எம் புள்ளைய எப்படிக் காப்பாத்துவாரு? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?”

ஜரீனா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் துவா செய்றேன். ஒங்க சாமி கோவிச்சுக்கிட்டா எங்க அல்லா பாத்துக்குவான்” என்றாள். வீரம்மாள் அதற்கு மட்டும் தலையாட்டினாள். என்னிடம் அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த நாள் சாய்ந்த கோபுரம். அதைப் பார்த்ததும் அஸ்திவாரத்தில் சிமெண்டைக் குறைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. நம் டீலர்கள் எல்லோரும் தள்ளி நின்று, இரண்டு கையையும் தூக்கி, கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாரோ வீரம்மாளையும் இழுத்து நிறுத்தினார்கள். அவளும் கையைத் தூக்கினாள். போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் கையை இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, நிஜமாகவே தாங்கிக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஜரீனா போய்க் கையை இறக்கப் பார்த்தாள்.

“வுடு. இது வுழாம இருந்தா அதுவும் வுழாது.”

பஸ் ஹாரன் அடித்தது. கடைசியில் நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று, என் இரண்டு கையையும் தூக்கினேன். “நீ போ. நான் புடிச்சிருக்கேன்” என்றேன். என் கை சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டு போனாள். நான் பஸ் வரைக்கும் கையைத் தூக்கியபடியே பின்னால் நடந்து போனேன். மதுரை டீலர் ஒருத்தர் சிரித்தார். கவுஸ் அவரைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது.

அன்று ராத்திரி போன் செய்தால், அப்படியே இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. மறுநாள் வெனிஸ். தெருவெல்லாம் தண்ணீர், பஸ்ஸுக்குப் பதில் படகு. ஐம்பது பேர் வாயைப் பிளந்து பார்த்த ஊரில் வீரம்மாள் படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று கவுஸிடம் கேட்டாள்.

“பாய், இந்தத் தண்ணி அந்தக் கொளத்துக்குப் போவுமா?”

கவுஸ் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“போவாதுக்கா. இது கடலுக்குப் போவுது.”

“கடலு நம்மூருக்கு வருமா?”

“நம்மூருக்கு ஏதுக்கா கடலு?”

அவள் அதற்கப்புறம் தண்ணீரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

அங்கிருந்து ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் தெற்கே போய்க் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கினோம். மலைச்சரிவில் வீடுகளைத் தட்டுத் தட்டாய் அடுக்கியிருந்தார்கள், கீழே நீலமாகக் கடல். அங்கே விற்ற எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. நான் ஊரில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் பாதி நம்பினார்கள். இதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை. இது நிஜம். வீரம்மாள் ஐந்து நாளில் முதல் தடவையாகக் கடைக்குப் போய் ஒரு பழத்தை எடுத்தாள். கடற்கரைக்கு நடந்தாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று கவுஸிடம் கேட்டாள். அவர் தொழுகிற திசையான கிப்லாவுக்காகக் கையில் காம்பஸ் வைத்திருந்தார், காட்டினார். அந்தப் பக்கம் பார்த்து நின்று, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அங்கிருந்தே திருஷ்டி கழிக்கப் பழத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். அதைக் காலால் நசுக்க வேண்டும். அந்தப் பழத்தை நசுக்க லாரி வேண்டும். ஏறி நின்றாள், வழுக்கியது. மறுபடி ஏறினாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன், உதறவில்லை. இரண்டு பேருமாக மிதித்தோம். நீச்சலுடையில் கிடந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை சொன்னார்: “மறுபடியும் ரத்தம் பட்டுது மாமா. புள்ளைக்கு நாடி கொறையுதாம்.”

நாங்கள் ரோமுக்குத் திரும்பிய மறுநாள் பத்து மணிக்கு ஏர்போர்ட் பஸ். நான் விடிந்ததும் எழுந்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, கவுஸை மட்டும் எழுப்பிக்கொண்டு நீரூற்றுக்குப் போனேன். வீரம்மாளும் பின்னாலேயே வந்தாள். வா என்று நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

“அண்ணே, எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்,” என்றார் கவுஸ்.

“எனக்கு இத்தாலி படிக்கத் தெரியாது பாய்.”

இறங்கினேன். தொடை வரைக்கும் தண்ணீர், ஆனி மாதத்திலும் பனிக்கட்டி. குனிந்து துழாவினேன். உலகத்தில் உள்ள எல்லா தேசத்துக் காசும் கையில் வந்தது, நம் காசு வரவில்லை. மஞ்சள் துணியாவது கிடைக்குமா என்று குதிரைக் குளம்படி வரைக்கும் போய்விட்டேன். அப்போது விசில் கேட்டது. ஒரு போலீஸ்காரப் பெண், நந்தினி வயதுதான் இருக்கும், என்னை வெளியே வரச் சொல்லிக் கத்தினாள். வந்தேன். எதற்கு இறங்கினாய் என்று கேட்கிறாள் போலிருக்கிறது. நான் தமிழில் சொன்னேன். அவள் இத்தாலியில் திட்டினாள். கவுஸ் ஓடிப்போய், தள்ளுவண்டியில் பூ விற்கிற ஒரு எகிப்துக்காரனைப் பிடித்து வந்தார். நான் கவுஸிடம் தமிழில் சொன்னேன், கவுஸ் பூக்காரனிடம் அரபியில் சொன்னார், பூக்காரன் அவளிடம் இத்தாலியில் சொன்னான். என் மகள், மூன்று போன பிள்ளைகள், நான்காவது, முடிச்சு, ஐயனார், நான் சொன்ன புளுகு, எல்லாம் அந்த வழியாகப் போயிற்று. அந்தப் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். அவள் பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

“இங்க வுழற காச அப்பப்ப கூட்டி அள்ளிருவாங்களாம் அண்ணே. ஒரு வாரத்துக் காசு இப்ப இருக்காதாம். அவளுக்கு வருத்தமா இருக்காம். மறுபடி எறங்குனா புடிச்சு உள்ள போட்டுருவாளாம்.”

வீரம்மாள் கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டில் நின்றிருந்தாள். அவளுக்கு இது எதுவும் கேட்டிருக்காது. கவுஸ் என் சட்டைப் பையில் எதையோ போட்டார். தொட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாயும் நாலணாவும்.

“கெடச்சிருச்சுன்னு சொல்லிருங்க அண்ணே,” என்று காதில் சொன்னார். “இதுகூட ஒங்களுக்குச் சொல்லித் தரணுமா?”

காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவளிடம் போனேன். வழியில் கதையெல்லாம் தயாராகிவிட்டது. குதிரையின் வாய்க்குள் இருந்தது, அண்ணன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். எதிரில் போய் நின்றேன். ஆறு நாள் சரியாகச் சாப்பிடாத முகம். கண் இரண்டும் என் கையை மட்டும் பார்த்தன.

“கெடைக்கல புள்ள,” என்றேன். “அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களாம்.”

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவள் கண் என் கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. “கண்டதுக்கெல்லாம் புளுகுற வாயி,” என்றாள், “இதுக்கு மட்டும் உண்மையச் சொல்லுதா?”

“வீரம்மா...”

“அப்ப அதச் சொல்லுங்க. அவரு அண்ணன்தான்னு சொல்லுங்க.”

“புள்ள, அது...”

“சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. தலையில அடிச்சு.”

எங்கள் பக்கத்தில் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் ஒரு மண்டலத்துக்குள், நாற்பத்தெட்டு நாளுக்குள், அந்தத் தலை வெடிக்கும். வெடித்த தலைகளை எனக்குப் பேரோடு தெரியும். நான் அவள் தலையை நோக்கிக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

“என் தலை வேணாம். எனக்கு ஒண்ணுன்னா அவளுக்குப் பத்தியம் வச்சுப் போட யாரிருக்கா? ஒங்க தலையில.”

சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என் தலையில் நானே ஓங்கி அடித்தேன். “சத்தியமா, இவரு நம்ம நல்லமுத்து ஐயனாருக்குக் கூடப் பொறந்த அண்ணன். காசு தம்பிக்குச் சேரும்.” போலீஸ்காரப் பெண் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். வீரம்மாள் அந்தத் தாடிக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் பேண்ட் மடிப்பைக் குனிந்து இறக்கிவிட்டாள். “சளி புடிக்கும்,” என்றாள். ஃபிளாரன்ஸுக்குப் பிறகு அவளாக எனக்குச் செய்த முதல் உபகாரம் அது.

நாங்கள் சென்னையில் இறங்கும்போது பிள்ளை பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூன்று கிலோ எலுமிச்சம்பழம் பார்த்த கண்ணுக்கு அது பிள்ளை மாதிரியே தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள். பிழைக்குமா என்றால் டாக்டரம்மா பார்க்கலாம் என்றார். தினமும் அதையே சொன்னார். வீரம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தாள். நான் காலையில் போய்ப் பெட்டியைப் பார்ப்பேன், பிறகு கண்ணாடியில் என் தலையைப் பார்ப்பேன். இரண்டில் எது முந்தும் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் பிள்ளையை வெளியே எடுத்து நந்தினி மடியில் கொடுத்தார்கள். கத்தியது. அந்தச் சத்தத்தில் வராண்டாவில் படுத்திருந்த வேறு இரண்டு நோயாளிகள் குணமாகி எழுந்து போனார்கள்.

மிச்சம் என் தலை மட்டும். வீரம்மாள் நான் சொன்னதை முழுக்க நம்பிவிட்டவள். பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, பெரியவரே பெரியவரே என்று அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்த நாற்பத்தெட்டு நாளில் என்னை லாரிப் பக்கம் விடவில்லை. குடோனில் மூட்டை அடுக்குகிற இடத்தில் நிற்க விடவில்லை. தினமும் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டாள். நாற்பத்தெட்டாம் நாள் கடைக்கே போகக் கூடாது என்று சாவியை எடுத்து ஒளித்துக்கொண்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினவளுக்கு என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. விளக்கு ஏற்றியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, “கொழுக்கட்டை சாப்புடுறீங்களா?” என்றாள்.

பேத்திக்கு இப்போது நான்கு வயது. மொட்டை போட்ட அன்றைக்கு நல்லமுத்து ஐயனார் கோயிலில் இரண்டு மண்குதிரை வைத்தோம். ஒன்று ஐயனாரைப் பார்த்து நிற்கிறது. இன்னொன்று மேற்கே பார்த்து, தாடிக்காரருக்காக. பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. வீரம்மாள்தான் பேசினாள்: “எங்க வூட்டுக்காரரு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு. தலை இருக்கா இல்லையான்னு நீங்களே பாத்துக்கங்க.”

பூசாரி பார்த்தார். குதிரை அங்கேதான் நிற்கிறது.